பாம்புக்கடிச் சாவு விதியல்ல!

ஒரே நாடு, ஒரே விதமான சாவு; ஆனால் கணக்கு மட்டும் இரண்டு!

இந்தியாவில் பாம்பு கடித்து வருஷத்துக்கு எத்தனை பேர் சாகிறார்கள்? 2016 முதல் 2020 வரை மத்திய சர்க்காரின் சுகாதார ஏட்டில் பதிவான விவரப்படி, சராசரி சுமார் 2,000 பேர். ஆனால், வீடு வீடாகச் சென்று, செத்தவர் எப்படிச் செத்தார் என்று குடும்பத்தாரிடம் விசாரித்துத் திரட்டிய விவரங்களை வைத்து 2020ல் வெளியான ஆய்வு என்ன சொல்கிறது? வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் என்கிறது. 2000 முதல் 2019 வரை இருபது வருஷங்களில் 12 லட்சம் பேர் என்கிறது.

இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் இருக்கும் 56,000 பேர் எங்கே போனார்கள்? சுடுகாட்டுக்குப் போனார்கள்; சர்க்கார் ஏட்டுக்குப் போகவில்லை.

ஏட்டில் ஏறாத சாவுக்கு பட்ஜெட்டில் பணம் ஒதுக்குவதில்லை. பணம் ஒதுக்காத நோய்க்கு கிராமத்து ஆஸ்பத்திரியில் மருந்து வருவதில்லை. மருந்தில்லாத ஆஸ்பத்திரிக்கு ஜனங்கள் போவதில்லை. போகாமல் வீட்டிலேயே செத்தவனின் சாவு ஏட்டில் ஏறுவதில்லை. இப்படியொரு சக்கரம் நெடுங்காலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் நசுங்குகிறவன் விவசாயக் கூலி.

இந்தச் சக்கரத்தை நிறுத்த இப்போது ஒரு பிடி கிடைத்திருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2017ல் பாம்புக்கடியை, புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் முன்வரிசையில் சேர்த்தது. பாம்புக்கடியால் வரும் சாவையும் ஊனத்தையும் 2030க்குள் பாதியாகக் குறைப்பது என்று 2019ல் திட்டம் வகுத்தது. அதே குறிக்கோளை ஏற்று மத்திய சர்க்கார் 2024 மார்ச்சில் ஒரு தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. 2024 நவம்பரில் தமிழ்நாடு சர்க்கார், 1939ம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ், பாம்புக்கடியைக் கட்டாயமாகத் தெரிவிக்கவேண்டிய நோய் என்று அறிவித்தது. அதாவது, சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும், பாம்புக்கடி என்று வந்த ஒவ்வொருவரைப் பற்றியும் சுகாதாரத் துறைக்கு விவரம் கொடுத்தாகவேண்டும்.

நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் இது சட்டப் புத்தகத்தில் ஏறிய ஒரு வரிதான். அது வயல் வரப்புவரை வந்து சேருமா என்பதே கேள்வி. வந்து சேரவேண்டுமானால் எது எங்கே தடையாக நிற்கிறது என்பதைத் தோழர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாரைக் கடிக்கிறது பாம்பு?

பாம்புக்கு வர்க்க பேதம் தெரியாது என்று சிலர் சொல்லக்கூடும். பாம்புக்குத் தெரியாமலிருக்கலாம், கடிபட்டவர்களின் கணக்குக்குத் தெரிகிறது! 2001 முதல் 2003 வரை நடந்த சாவுகளை அளந்து 2011ல் வெளியான ஆய்வின்படி, பாம்பு கடித்துச் செத்தவர்களில் நூற்றுக்கு 97 பேர் கிராமத்தார். 77 பேர் எந்த ஆஸ்பத்திரியிலும் சாகவில்லை. வீட்டிலோ, வழியிலோ, களத்து மேட்டிலோ செத்தார்கள். 2020ம் வருஷத்து ஆய்வின்படி, செத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 30 முதல் 69 வயதுக்கு உட்பட்டவர்கள். கால்வாசிக்கு மேல் 15 வயது நிரம்பாத பிள்ளைகள். பாதிச் சாவு ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழை மாதங்களில்.

இதன் அர்த்தம் என்ன? நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் வெறுங்காலோடு இறங்குகிறவன் கடிபடுகிறான். விறகு பொறுக்கப் போகிறவள் கடிபடுகிறாள். நெல் மூட்டைக்கு எலி வருகிறது. எலிக்குப் பாம்பு வருகிறது. அந்த மூட்டைக்குப் பக்கத்தில், கதவில்லாத குடிசையில், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவன் கடிபடுகிறான். குடும்பத்தில் சம்பாதிக்கிற கை விழுகிறது. பிழைத்தவர்களிலும் பலர் விரலை இழக்கிறார்கள், காலை இழக்கிறார்கள், சிறுநீரகம் கெட்டுப் போகிறார்கள். உலகம் முழுவதும் பாம்புக்கடியால் சாகிறவர்களைப் போல மூன்று மடங்குப் பேர் நிரந்தர ஊனமடைகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிடுகிறது.

கோட்டையில் உட்கார்ந்து கோப்பில் கையெழுத்துப் போடுகிறவரை நல்லபாம்பு தேடி வருவதில்லை. புறக்கணிக்கப்பட்ட நோய் என்ற பெயர் இதற்கு வந்த ரகசியம் அதுதான். புறக்கணிக்கப்பட்டது நோயல்ல, அந்த நோய்க்கு ஆளாகிற மனிதன்!

மருந்து இல்லாமல் இல்லை

இது மருந்து கண்டுபிடிக்கப்படாத நோயா? இல்லவே இல்லை. 1890களில், வியட்நாமில் வேலை பார்த்த ஆல்பர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, வெள்ளத்தில் ஊருக்குள் புகுந்த நாகங்கள் மக்களைக் கடித்துக் கொன்றதைக் கண்டு இந்த ஆராய்ச்சியில் இறங்கினார். அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே விஷமுறிவு மருந்து பிறந்துவிட்டது. வயது நூற்று முப்பதுக்கு அருகில் வந்துவிட்ட மருந்து இது!

செய்முறை இதுதான். பாம்பின் விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றுகிறார்கள். குதிரையின் உடம்பு அந்த விஷத்தை எதிர்க்கும் சத்தைத் தன் ரத்தத்தில் உண்டாக்கிக்கொள்கிறது. அந்தச் சத்தைப் பிரித்துச் சுத்தப்படுத்திக் குப்பியில் அடைக்கிறார்கள். இந்தியாவில் செய்யப்படும் மருந்து நான்கு பாம்புகளின் விஷத்துக்கு எதிரானது: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பொடியாக உறையவைத்து விற்கும் மருந்தைக் குளிர்ந்த, வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும். “எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் குளிர்ப்பெட்டி இல்லை” என்ற சாக்கு அதற்குச் செல்லாது.

எவ்வளவு மருந்து வேண்டும்? இதில் உள்ள கணக்கைத் தொழிலாளி எவரும் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும். ஒரு குப்பியில் 10 மில்லி. எனவே ஒரு குப்பி 6 மில்லிகிராமை முறிக்கும். கண்ணாடி விரியன் ஒரு கடியில் செலுத்தும் விஷம் சராசரி 63 மில்லிகிராம். ஆகவே எடுத்த எடுப்பில் சுமார் பத்துக் குப்பி வேண்டும். கடித்த பாம்பு ஒன்றுதான் என்பதால் குழந்தைக்கும் அதே அளவு, பெரியவருக்கும் அதே அளவு. சிலருக்கு இருபது குப்பியும் வேண்டியிருக்கும். ஆகவே, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு குப்பியை வைத்துவிட்டு “மருந்து இருப்பு உண்டு” என்று ஏட்டில் எழுதினால், அது ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவாது!

விஷம் ஏறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பெரிய யந்திரம் வேண்டுமா? விரியன் கடிக்கு ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாய் போதும். நோயாளியின் ரத்தம் கொஞ்சம் எடுத்து அதில் விட்டு, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் அப்போதைக்கு ஆபத்து தெரியவில்லை. மறுபடியும் சோதித்துப் பார்க்கலாம். உறையாமல் ஓடினால் விஷம் வேலை செய்கிறது, மருந்தை ஏற்றவேண்டும். நல்லபாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குபவை. இமை தொங்கும், பேச்சு குழறும், பிறகு மூச்சு நிற்கும். அங்கே மருந்தோடு செயற்கை சுவாசமும் வேண்டும். மூச்சை மட்டும் தாங்கிப் பிடித்துவிட்டால் மனிதன் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவான்.

மருந்தும் உண்டு, முறையும் உண்டு. பிறகு ஏன் சாவு?

மந்திரவாதிமேல் பழியைப் போடலாமா?

“ஜனங்களுக்கு அறிவில்லை, ஆஸ்பத்திரிக்கு வராமல் மந்திரிக்கப் போகிறார்கள், அதனால் சாகிறார்கள்” என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். நம் தோழர்களிலும் சிலர் இதையே திருப்பிச் சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியைச் சொல்லாமல் விடுவதுதான் அநியாயம்.

மந்திரம் விஷத்தை முறிக்காது. வேப்பிலை முறிக்காது. கல் வைத்து உறிஞ்சுவது முறிக்காது. கடிவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சித் துப்புவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கெடுதலே செய்யும். கட்டிய காலை வெட்டி எடுக்க நேர்ந்த கதைகளும் உண்டு. இதை ஒளிவு மறைவில்லாமல் ஊர் ஊராகச் சொல்லவேண்டியது நம் கடமை.

ஆனால் மந்திரவாதியிடம் மக்கள் ஏன் போகிறார்கள்? நடக்கிற கடிகளில் பெரும்பாலானவை விஷமில்லாத பாம்புகளின் கடி. விஷப்பாம்பும் பல சமயங்களில் விஷத்தைச் செலுத்தாமல் கடித்துவிட்டுப் போகிறது. அவர்கள் எல்லாரும் தாமாகவே பிழைத்துக்கொள்கிறார்கள். பெயர் மட்டும் மந்திரவாதிக்கு! இது ஒரு காரணம். இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. மந்திரவாதி பக்கத்துத் தெருவில் இருக்கிறான். இரவு ஒரு மணிக்கும் கதவைத் திறக்கிறான். வெற்றிலை பாக்கோடு காரியம் முடிகிறது. சுகாதார நிலையமோ மைல்கணக்கில் தள்ளியிருக்கிறது. ராத்திரியில் டாக்டர் இருப்பாரா என்பது சந்தேகம். அங்கே போனால் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறார்கள். தாலுகாவில் ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறார்கள். மூன்று வாசல் ஏறி இறங்குவதற்குள் மூச்சு நின்றுவிடுகிறது.

மூடநம்பிக்கையை ஒழிக்கவேண்டுமானால் பிரசங்கம் மட்டும் போதாது. மந்திரவாதியின் கதவைவிடச் சீக்கிரமாகத் திறக்கும் கதவு ஒன்று ஊருக்குப் பக்கத்தில் வேண்டும்.

டாக்டரின் பயம்

மருந்து இருந்தும் ஊசி போடாமல் அனுப்பிவிடுகிறார்கள் என்ற புகார் கிராமங்களில் பரவலாக உண்டு. ஏன் அனுப்புகிறார்கள்? அலட்சியம் ஒரு காரணமாக இருக்கலாம். பயமும் ஒரு காரணம்.

இது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து. சிலருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை. உடம்பு தடிக்கும், மூச்சு திணறும், ரத்த அழுத்தம் விழும். உடனே அட்ரினலின் ஊசி போட்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். விலை மலிந்த ஊசிதான். ஆனால் தனியாக ராத்திரி டியூட்டி பார்க்கும் இளம் டாக்டருக்கு, இதைச் செய்து பழக்கமில்லாவிட்டால் கை நடுங்கும். ஊசி போட்டபின் நோயாளி செத்தால் ஊரே திரண்டு வந்து அடிக்குமே என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. “மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன்” என்று எழுதிவிட்டால் அவர் தப்பித்தார். வழியில் செத்தவன்தான் தப்பவில்லை.

இங்கே நாம் நம்மையும் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள வேண்டும். ஆத்திரத்தில் டாக்டரை அடிப்பதும் ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைப்பதும் போராட்டமல்ல. இன்று ஒரு டாக்டரை அடித்தால், நாளை பத்து டாக்டர்கள் ஊசியைத் தொடமாட்டார்கள். அடுத்துக் கடிபடும் பத்துக் கூலிக்காரர்களுக்கு நாமே வழியை அடைத்தவர்கள் ஆவோம். பயிற்சி கொடுக்காத, ஆள் போடாத, அட்ரினலின்கூட இருப்பு வைக்காத நிர்வாகத்தை நோக்கித்தான் நம் கோபம் திரும்பவேண்டும்.

விஷம் எடுத்துக் கொடுப்பவன் யார்?

நாட்டில் இந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதி எங்கிருந்து போகிறது என்று தோழர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னைக்குத் தெற்கே, கடலோரத்தில், வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அங்கிருந்து போகிறது!

இருளர் மக்கள் பரம்பரையாகப் பாம்பு பிடித்து, தோலை வியாபாரிக்கு விற்றுப் பிழைத்தவர்கள். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976ல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. காட்டுக்கு நல்லதுதான், ஆனால் இருளர் அடுப்பு அணைந்தது. பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முதலானோரின் முயற்சியால் 1978ல் இந்தக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பிடித்த பாம்பைக் கொல்லாமல், மண்பானையில் சில வாரங்கள் வைத்திருந்து, நான்கு முறை விஷம் எடுத்து, அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். தோலுரித்த கை உயிர்காக்கும் கையாயிற்று.

2023ல் இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் பத்மஸ்ரீ பட்டம் அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சி. ஆனால் பட்டம் இருவருக்கு, பசி சமூகத்துக்கு! இன்னமும் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் கொத்தடிமைகளாக மீட்கப்படுகிறவர்களில் இருளர் குடும்பங்கள் இருந்துகொண்டே இருக்கின்றன. வனத்துறையின் அனுமதிச் சீட்டு தாமதமானால் சங்கத்தின் வேலை நிற்கிறது, கூலி நிற்கிறது. மருந்துச் சங்கிலியின் முதல் கண்ணி இவர்கள்தான். இந்தக் கண்ணிக்கு நியாயமான விலையும் நிலையான வேலையும் இல்லாமல் சங்கிலி எப்படி உறுதியாக இருக்கும்?

இதில் இன்னொரு பிரச்னையும் இருக்கிறது. செங்கற்பட்டு வட்டாரத்து நல்லபாம்பின் விஷமும் வடக்கே உள்ள நாகத்தின் விஷமும் ஒன்றல்ல. ஊருக்கு ஊர் விஷத்தின் சேர்மானம் மாறுகிறது. இங்கே எடுத்த விஷத்தால் செய்த மருந்து, வடகிழக்கே உள்ள ஒற்றைக்கண் நாகத்தின் விஷத்தையும் ராஜஸ்தான் பாலைவனத்துச் சிந்து கட்டுவிரியனின் விஷத்தையும் சரிவர முறிப்பதில்லை என்று பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து ஆய்வாளர்கள் 2019ல் காட்டினார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் மேற்குத் தொடர்ச்சி மலையில், தேயிலை, ரப்பர்த் தோட்டங்கள் உள்ள பகுதியில், மூக்கு நிமிர்ந்த சின்னக் குழிவிரியன் ஒன்று இருக்கிறது. அதன் கடியால் சிறுநீரகம் கெட்டுச் செத்தவர்கள் உண்டு. அதற்கு எதிரான மருந்து இந்தியச் சந்தையில் இல்லை. நான்கு பாம்புகளின் மருந்தை அதற்கு ஏற்றிப் பயனில்லை. தோட்டத் தொழிலாளியைக் கடிக்கும் பாம்புக்குத் தனி மருந்து செய்ய எந்த முதலாளி முன்வருவான்?

லாபக் கணக்கும் உயிர்க் கணக்கும்

முன்வரமாட்டான் என்பதற்கு ஆப்பிரிக்காவே சாட்சி. அங்கே பத்து வகைப் பாம்புகளின் விஷத்தை முறித்துவந்த ஒரு மருந்தை, சனோஃபி என்ற பிரெஞ்சு பகாசுரக் கம்பெனி 2014ல் செய்வதை நிறுத்தியது. கையிருப்பின் ஆயுள் 2016ல் முடிந்தது. எல்லையற்ற மருத்துவர்கள் ஸ்தாபனம் உரக்கக் கண்டித்தது. கம்பெனி சொன்ன சமாதானம் என்ன? விலை மலிவான சரக்குகளோடு போட்டியிட்டுக் கட்டுப்படியாகவில்லை என்பதே. கடிபடுகிறவன் கையில் காசில்லை. ஆகவே அவனுக்கு மருந்தில்லை. சந்தையின் சட்டம் இதுதான்!

பிரேசில் நாட்டில் 1980களின் நடுவில் இதே கதை நடந்தது. மருந்து செய்துவந்த தனியார் கம்பெனி ஒன்று கடையைக் கட்டியது. மருந்துப் பஞ்சம் வந்தது. ஆனால் அங்கே கதை வேறுவிதமாக முடிந்தது. 1986ல் தேசியத் திட்டம் போட்டார்கள். 1901ல் தொடங்கப்பட்ட புட்டான்டான் முதலான பொதுத்துறை நிலையங்களின் உற்பத்தியைப் பெருக்கினார்கள். செய்த மருந்தை சர்க்காரே வாங்கி இலவசமாகக் கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது: கடிபட்டவர்களின் விவரத்தை அனுப்பு, மருந்தைப் பெற்றுக்கொள். விவரம் கொடுத்தால் மருந்து வரும் என்றதும் விவரம் தானாக வந்தது. கணக்கும் மருந்தும் கைகோத்துக்கொண்டன. ஆரம்பத்தில் சொன்னோமே அந்தச் சக்கரம், அங்கே எதிர்த்திசையில் சுற்ற ஆரம்பித்தது!

கோஸ்டாரிகா சின்னஞ்சிறு நாடு. அங்கே 1970ல் தொடங்கப்பட்டு, பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் பொதுத்துறை நிலையம் தன் நாட்டுக்கு வேண்டிய மருந்தைத் தானே செய்கிறது. நைஜீரியாவுக்கும் செய்து அனுப்பியிருக்கிறது. சின்ன நாட்டால் முடிந்தது, இத்தனை பெரிய நாட்டால் முடியாதா? மும்பையில் மகாராஷ்டிர சர்க்காரின் ஹாஃப்கின் நிறுவனம் பல காலமாக இந்த மருந்தைச் செய்திருக்கிறதே! வேண்டியது வித்தையல்ல, மனம்.

விலையைப் பற்றியும் சொல்லவேண்டும். இங்கே ஒரு குப்பி சில நூறு ரூபாய். பத்து, இருபது குப்பி, சிறுநீரகச் சுத்திகரிப்பு, செயற்கை சுவாசம் எல்லாம் சேர்ந்தால் தனியார் ஆஸ்பத்திரியில் லட்சக்கணக்கில் பில் ஏறும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் எடுத்து 2013ல் வெளியான ஓர் ஆய்வு, வைத்தியத்துக்காகக் கடன் வாங்கியும் உடைமைகளை விற்றும் சீரழிந்த குடும்பங்களைக் காட்டியது. பாம்பு ஒரு முறைதான் கடிக்கிறது; வட்டி வருஷக்கணக்கில் கடிக்கிறது.

நேபாளத்துத் தொண்டர்கள் காட்டிய வழி

மருந்து, டாக்டர், பணம் எல்லாம் சரியானாலும் தூரம் ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். அதற்கும் ஏழை நாடு ஒன்று வழிகாட்டியிருக்கிறது. நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியில் நான்கு கிராமப் பஞ்சாயத்துகளில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் தொண்டர்களின் பட்டியலை எல்லாருக்கும் தெரியப்படுத்தினார்கள். கடிபட்டவனை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, நேராக மருந்துள்ள நிலையத்துக்கே கொண்டுபோனார்கள். இடையில் எங்கும் நிற்பதில்லை. எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று ஊருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பலன்? முன்பு கடிபட்ட நூறு பேரில் பத்துப் பேருக்கு மேல் செத்துக்கொண்டிருந்தார்கள். அது இருநூறு பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தது. 2013ல் வெளியான ஆய்வு இது.

கோடிக்கணக்கில் செலவழிக்கவில்லை. ஊரை ஒழுங்குபடுத்தினார்கள், அவ்வளவுதான். ஊரை ஒழுங்குபடுத்துவது யாருடைய வேலை? தோழர்களே, அது நம் வேலையல்லவா?

கோரிக்கைகளும் கடமைகளும்

சர்க்காரை நோக்கி நாம் வைக்கவேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை.

1. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குறைந்தது ஒரு நோயாளிக்கு முழு முதல் அளவு, அதாவது பத்துக் குப்பி மருந்தும், அட்ரினலின் ஊசியும், கையால் காற்று ஊதும் சுவாசப் பையும் எப்போதும் இருக்கவேண்டும். இருப்பு எவ்வளவு என்பதை வாசலில் பலகையில் எழுதிவைக்கவேண்டும்.

2. கிராமப்புற டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் மழைக்காலத்துக்கு முன்பே வருஷந்தோறும் பயிற்சி தரவேண்டும். முதல் மருந்தை ஏற்றிய பிறகே, தேவையானால், 108 வண்டியில் மேலே அனுப்பவேண்டும். விதிமுறைப்படி ஊசி போட்ட டாக்டருக்கு சர்க்கார் துணை நிற்கவேண்டும்.

3. கட்டாய அறிவிப்பு, ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடக் கூடாது. வீட்டில் செத்தவர்களின் சாவும் கிராம நிர்வாக அதிகாரி மூலம் கணக்கில் ஏறவேண்டும். ஜில்லாவாரியாகக் கணக்கை வெளியிடவேண்டும். அந்தக் கணக்கின்படி மருந்து அனுப்பவேண்டும்.

4. மத்தியப் பிரதேசத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பாம்பு கடித்துச் செத்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. இங்கும் அதற்குக் குறையாமல், அலையவிடாமல் கொடுக்கவேண்டும்.

5. இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு அனுமதி தடைபடக் கூடாது; விஷத்துக்கு நியாயவிலை வேண்டும். நாட்டின் பல பகுதிகளிலும் இதுபோன்ற சங்கங்களும், அந்தந்தப் பகுதி விஷத்துக்கேற்ற மருந்தைச் செய்யும் பொதுத்துறை நிலையங்களும் அமையவேண்டும்.

இவை சர்க்கார் செய்யவேண்டியவை. அதுவரை நாம் கைகட்டி நிற்பதா? கூடாது. ஒவ்வொரு கிளையும் இந்த மாதமே செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன.

பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு இரண்டு தோழர்கள் மரியாதையாகச் சென்று, பாம்புக்கடி மருந்து எத்தனை குப்பி இருக்கிறது, ராத்திரியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிவரவேண்டும். ராத்திரியில் கூப்பிட்டால் வண்டி எடுத்து வரக்கூடிய நாலு பேரின் பெயரையும் போன் நம்பரையும் படிப்பகச் சுவரில் எழுதவேண்டும். மருந்துள்ள ஆஸ்பத்திரி எது, எந்த வழியாகப் போவது என்பதை இப்போதே முடிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கடிபட்டவனை நடக்கவிடாதே; பயமுறுத்தாதே; கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்துக் கொண்டுபோ; கட்டாதே, கீறாதே; பாம்பைத் தேடிக் காலத்தை வீணாக்காதே. இந்த ஐந்தையும் தெருமுனைக் கூட்டத்தில் சொல்லவேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லவேண்டும். கட்டுவிரியன் நள்ளிரவில் தரையில் படுத்திருப்பவனைக் கடிக்கும். வலி தெரியாது, தடமும் தெரியாது. விடியற்காலையில் காரணமில்லாமல் வயிற்றுவலி, இமை தொங்கல் என்றால் பாம்புக்கடியோ என்று சந்தேகிக்க வேண்டும். ஒரு கட்டிலும், விளிம்பை நன்றாகச் செருகிய ஒரு கொசுவலையும், ராத்திரியில் வெளியே போகும்போது ஒரு கைவிளக்கும் பல உயிர்களைக் காக்கும்.

கடைசியாக, ஊரில் யாராவது பாம்பு கடித்துச் செத்தால், அந்தச் சாவு ஏட்டில் ஏறியதா என்று பார்த்து, ஏறாவிட்டால் ஏறும்வரை விடாமல் நிற்கவேண்டும். செத்தவனுக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். அடுத்த மழைக்காலத்தில் வரப்பில் கால்வைக்கப் போகிறவனுக்கு லாபம். அந்த ஒரு வரிப் பதிவிலிருந்துதான் பத்துக் குப்பி மருந்து வரவேண்டும்.

விதி என்று சொல்லிப் புதைத்தது போதும். கணக்குக் கேட்போம், மருந்து கேட்போம், வாங்கித் தீருவோம்!